ஆன்லைன்ல சேர்ந்து வாசிக்கறப்போ தாளம் இழுக்குதா, கரகரங்குதா? எந்தக் கோளாறுக்கு எந்த சாமான மாத்தணும்

நாங்க நாலு பேரு வாரம் ரெண்டு ராத்திரி ஆன்லைன்ல உக்காந்து கச்சேரி ப்ராக்டிஸ் பண்றோம், நான் தாம்பரத்துல வயலின், மதுரைல ஒரு தம்பி மிருதங்கம், கோயம்புத்தூர்ல ஒரு அக்கா பாட்டு, சிங்கப்பூர்ல என் காலேஜ் நண்பன் கஞ்சிரா. இப்போ நல்லா போகுது. ஆனா இந்த நிலைக்கு வர்றதுக்குள்ள நாலு பேருமா சேர்ந்து தேவையில்லாத சாமான் நெறைய வாங்கிட்டோம், அதுல முக்காவாசி மைக், ஆனா ஒரு தடவைகூட கோளாறு மைக்ல இருந்ததில்ல. அதனால யாராவது "எத வாங்கலாம்"னு கேட்டா நான் திருப்பி கேக்கறது "உங்களுக்கு இப்போ எப்படி கேக்குது"ன்னுதான். கீழ அந்த வரிசைலயே எழுதியிருக்கேன், உங்க தொந்தரவு எதுவோ நேரா அங்க போயிடுங்க.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். ஜூம், மீட், வாட்ஸ்அப் கால் எல்லாம் பேசறதுக்காக செஞ்சது, ஒருத்தர் பேசி முடிச்சு இன்னொருத்தர் பதில் சொல்றப்போ நூத்தம்பது மில்லிசெகண்ட் லேட்டானா யாருக்கும் தெரியாது, ஆனா அதுல ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வர்ணம் வாசிக்க முடியாது, எவ்வளவு விலைக்கு என்ன வாங்கி மாட்டினாலும் முடியாது. சேர்ந்து வாசிக்கறதுக்குன்னே ஜாமுலஸ், சோனோபஸ், ஜாக்ட்ரிப்னு மூணு சாஃப்ட்வேர் இருக்கு, மூணுமே இலவசமா கிடைக்கும். ஜாமுலஸ்ல நடுவுல ஒரு சர்வர் இருக்கும், எல்லாரும் அதுக்கு அனுப்பி அதுல இருந்து கலந்து வர்றத கேக்கணும். சோனோபஸ் ஆளுக்கு ஆள் நேரா போகும், ரெண்டு மூணு பேருக்கு ரொம்ப சுலபம், ஃபோன்லயும் ஓடும். ஜாக்ட்ரிப் ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில பிறந்தது, சத்தத்த சுருக்காம முழுசா அனுப்பும். நாங்க ஜாமுலஸ், அதனால உதாரணம் எல்லாம் அதுல இருந்துதான் வரும்.

தாளம் மெல்ல மெல்ல இழுத்துக்கிட்டே போகுது

இதுதான் பெரிய தொந்தரவு, எல்லாருக்கும் முதல்ல வர்றதும் இதுதான். எங்களுக்கு ஆரம்பத்துல ஒரு கீர்த்தனை 80 வேகத்துல (நிமிஷத்துக்கு 80 அட்சரம்) எடுத்தா சரணம் வர்றதுக்குள்ள 70க்கு வந்து நிக்கும். மதுரை தம்பி "அண்ணே நான் இழுக்கல, நீங்கதான் இழுக்கறீங்க"ம்பான், நான் "நான் உன்னத்தான்டா ஃபாலோ பண்றேன்"பேன். ரெண்டு பேர் சொன்னதும் உண்மை. அவன் அடிச்சது எனக்கு லேட்டா வருது, நான் அதுக்கு சரியா வாசிக்கறேன், என் வாசிப்பு அவனுக்கு இன்னும் லேட்டா போகுது, அவன் எனக்காக ஒரு மயிரிழை காத்திருக்கான், அப்படியே ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேயுது.

மேடைல வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் இருக்கும். காத்துல சத்தம் ஒரு மீட்டர் போக கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் ஆகும், ஆக 6 மில்லிசெகண்ட் லேட் நமக்கு எப்பவுமே பழக்கம்தான். 25, 30 வரைக்கும் சமாளிக்கலாம், எட்டு பத்து மீட்டர் தள்ளி உக்காந்து வாசிக்கற மாதிரி. அதுக்கு மேல போனா விளம்ப காலத்துல தப்பிச்சுக்கலாம், துரித காலத்துல முடியாது. கணக்கு போட்டு பாருங்க, 80 வேகத்துல ஒரு அட்சரம் 750 மில்லிசெகண்ட், அதுல எட்டு சொல்லு (மிருதங்க அடி) விழுந்தா ஒரு சொல்லுக்கு 94 கூட இல்ல, 45 லேட்டானா பாதி சொல்லு போச்சு. ஃபரன் (வேகமா சரமா விழற சொல்லுங்க) வாசிக்கற தம்பி பாவம் என்னதான் பண்ணுவான்.

இத சரி பண்ணணும்னா லேட் எங்க உக்காந்திருக்குன்னு முதல்ல பிரிச்சு பாக்கணும். நான் இத வீட்டு கணக்கு, ரோட்டு கணக்குன்னு பிரிப்பேன். மைக்ல இருந்து லேப்டாப்புக்குள்ள போய் திரும்ப ஹெட்போனுக்கு வர்ற வரைக்கும் வீட்டு கணக்கு. ரூட்டர தாண்டி சர்வருக்கு போய் வர்றது ரோட்டு கணக்கு. பிரிக்கறது சுலபம், ஜாமுலஸ் சர்வரையும் உங்க லேப்டாப்லயே ஓட விட்டு, 127.0.0.1ன்னு அட்ரஸ் குடுத்து உங்களோடயே கனெக்ட் ஆகுங்க. அப்போ நெட்டே கிடையாது, திரைல காட்டற மொத்த டிலே முழுக்க உங்க சாமானோடது. அப்புறம் நிஜ சர்வர்ல கனெக்ட் பண்ணி பாருங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரோடு. இந்த அஞ்சு நிமிஷ சோதனைய பண்ணாம யாரும் ஒரு ரூபா செலவு பண்ண வேணாம்னு கெஞ்சி கேட்டுக்கறேன்.

வீட்டு கணக்கு பெருசா இருந்தா பஃபர் அளவ பாருங்க, அதாவது லேப்டாப் ஒரு தடவைல எத்தனை சாம்பிள் (சத்தத்தோட துளி) சேத்து வெச்சு அனுப்புதுங்கறது. ஜாமுலஸ் ஒரு செகண்டுக்கு 48,000 சாம்பிள்ல ஓடுது, பஃபர் 128னா 2.7 மில்லிசெகண்ட், 256னா 5.3, 512னா 10.7, இது உள்ள வர்றப்போ ஒரு தடவை, வெளிய போறப்போ ஒரு தடவை. 128ல கரகரன்னு சத்தம் வராம ஓடணும், அதுக்கு விண்டோஸ்னா ஆசியோ (ASIO) டிரைவர் வேணும், சத்தத்த சுத்தி விடாம நேரா சாமானுக்கு குடுக்கற சாஃப்ட்வேர் அது. இங்கதான் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் லேப்டாப்போட சேக்கற பொட்டி) வாங்கறப்போ கவனிக்க வேண்டியது இருக்கு. விலை கம்மியா கிடைக்கற சில பாக்ஸ்க்கு கம்பெனியோட சொந்த ஆசியோ டிரைவர் கிடையாது, ஆசியோ4ஆல்னு ஒரு பொதுவான டிரைவர போட்டு ஓட்ட சொல்லுவாங்க, அது ஓடும், ஆனா பஃபர ரொம்ப குறைக்க விடாது. வாங்கறதுக்கு முன்னாடி அந்த மாடல் பேர போட்டு கம்பெனி சைட்ல டவுன்லோடு பக்கத்த திறந்து ஆசியோ டிரைவர் இருக்கான்னு கண்ணால பாத்துட்டு வாங்குங்க. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்சி 202 எச்டி ரெண்டுக்கும் சொந்த டிரைவர் இருக்கு, நம்ம வேலைக்கு இதுவே தாராளம். மேக்னா இந்த தலைவலி பெரும்பாலும் இல்ல. லினக்ஸ் தெரிஞ்சவங்க பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டு இன்னும் கம்மி பஃபர்ல ஓட்டலாம்.

கலர் கலரா பட்டன் வெச்சு, கைதட்டற சத்தம் சிரிக்கற சத்தம் எல்லாம் வர்ற லைவ் சவுண்ட் கார்டுன்னு ஒண்ணு ஆயிரம் ஆயிரத்து ஐநூறுக்கு விக்குது. அது ஃபோன்ல லைவ் போறவங்களுக்கு. சேர்ந்து வாசிக்க வாங்காதீங்க.

ரோட்டு கணக்கு பெருசா இருந்தா இன்டர்ஃபேஸ் மாத்தி பிரயோஜனம் இல்ல, சர்வர் எங்க இருக்குன்னு பாக்கணும். ஃபைபர்ல வெளிச்சம் ஒரு மில்லிசெகண்டுக்கு சுமார் 200 கிலோமீட்டர் போகும், சென்னை மதுரை எல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா பாக்கெட் (சத்தத்த சுமந்து போற டேட்டா துண்டு) நேரா போறதில்ல. ஒருத்தர் ஒரு கம்பெனி நெட்டு, இன்னொருத்தர் வேற கம்பெனி நெட்டுனா மதுரைல இருந்து கோயம்புத்தூர் போறது சென்னைய சுத்தி, சில சமயம் மும்பையவே சுத்திட்டு வரும். ஜாமுலஸ்ல கனெக்ட் பட்டன அமுக்கினா வர்ற பொது சர்வர் லிஸ்ட்ல பிங் நேரம் (சர்வருக்கு போய் திரும்பி வர எடுக்கற மில்லிசெகண்ட்) போட்டிருக்கும், நாலு பேரும் ஒரே நேரத்துல திறந்து வெச்சுக்கிட்டு யாருக்கும் ரொம்ப மோசமா இல்லாத ஒண்ண எடுங்க, ஒருத்தருக்கு 8 ஒருத்தருக்கு 50ங்கறத விட எல்லாருக்கும் 25 இருக்கறது நல்லது. வீட்டுலயே சர்வர் வெக்கலாம்னு பாத்தா பெரும்பாலான வீட்டு கனெக்ஷன்ல வெளிய இருந்து உள்ள வர்றதுக்கு தனி ஐபி (இன்டர்நெட் அட்ரஸ்) குடுக்கறதில்ல, அதுக்கு பேசி தனியா காசு கட்டணும். நாங்க பெங்களூர் டேட்டா சென்டர்ல ஒரு சின்ன கிளவுட் மெஷின வாடகைக்கு எடுத்து, வாசிக்கற ரெண்டு மணி நேரம் மட்டும் ஓட்டிட்டு அழிச்சிடறோம், மணிக்கணக்குக்குத்தான் பில்லு, மாசம் ஒரு டீ செலவுதான் ஆகுது.

இதெல்லாம் பண்ணியும் இழுக்குதுன்னா இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க. அது உங்க சத்தத்த நெட்டுக்கு போகாம நேரா உங்க காதுக்கு குடுக்கும், கேக்க சுகமா இருக்கும், ஆனா நீங்க அதுக்கு தாளம் சேத்து வாசிச்சா மத்தவங்களுக்கு லேட்டாத்தான் போகும். சர்வர்ல இருந்து திரும்பி வர்ற உங்க சத்தத்த கேட்டு அதுக்கு வாசிக்கணும். முதல் ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், பாடறவங்களுக்கு இன்னும் கஷ்டம், அவங்க குரல் மண்டைக்குள்ளயே கேக்குதே. எங்க அக்கா காத நல்லா மூடற ஹெட்போன் வாங்கின அப்புறம்தான் அவங்களுக்கு பிடிபட்டுச்சு.

அப்புறம் ஒரு பழக்கம். தாளத்த யாரு பிடிக்கறாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, அவங்க யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. எங்க குழுல மிருதங்க தம்பிதான். "யாரு லேட்டா கேட்டாலும் நீ பாட்டுக்கு போ"ன்னு சொல்லிட்டோம்.

சர்வர் பச்சை லைட் காட்டுது, ஆனா என் வாசிப்பே எனக்கு ரொம்ப லேட்டா கேக்குது

காதுல என்ன மாட்டியிருக்கீங்க? நெக்பேண்டோ பட்ஸோ இருந்தா கழட்டி வெச்சிருங்க, கதை முடிஞ்சுது. ப்ளூடூத்ல சத்தம் போய் சேரவே நூறுல இருந்து இருநூறுக்கு மேல கூட மில்லிசெகண்ட் ஆகும், இது எந்த சாஃப்ட்வேர் திரைலயும் தெரியாது, ஏன்னா சாஃப்ட்வேர் குடுத்து முடிச்ச அப்புறம் நடக்கற லேட் அது. அதோட மைக்கும் ப்ளூடூத்லயே ஓடினா ஃபோன் கால் மோடுக்கு மாறி சத்தமும் பழைய டெலிஃபோன் மாதிரி ஆயிடும். எத்தனை விலை உசந்த பட்ஸா இருந்தாலும் இதுதான் நிலைமை. ஐநூறு ரூபா ஒயர் இயர்போன் இந்த வேலைக்கு அத விட மேல். இன்டர்ஃபேஸ்ல பெரிய ஜாக் ஓட்டைதான் இருக்கும், சின்ன பின்ன பெரிய பின்னா மாத்தற கன்வெர்ட்டர் ஒண்ணு சேத்து வாங்கிக்குங்க, இல்லன்னா பார்சல் வந்த அன்னிக்கு மாட்ட முடியாம உக்காந்திருப்பீங்க.

கரகரன்னு வருது, நடு நடுவுல விட்டு விட்டு போகுது

இதுக்கு மூணு காரணம் உண்டு, எப்படி விட்டு போகுதுங்கறத வெச்சே எதுன்னு சொல்லிடலாம்.

திடீர்னு பத்து செகண்ட் நல்லா போய், அப்புறம் ரெண்டு செகண்ட் தூள் தூளா உடைஞ்சு, மறுபடி நல்லா போனா அது வைஃபை. இத நேர்ல பாக்கணும்னா விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ட் திறந்து ping -t போட்டு உங்க ரூட்டர் நம்பர அடிச்சு (பெரும்பாலும் 192.168.1.1) கொஞ்ச நேரம் ஓட விடுங்க. எங்க அக்கா வீட்டுல பண்ணப்போ 3, 2, 4, 61, 3, 118, 5னு குதிச்சுது, ரூட்டர் பக்கத்து ரூம்லதான் இருக்கு, வெளி நெட்டுக்கே இன்னும் போகல. லேன் கேபிள் மாட்டின உடனே எல்லா வரிலயும் ஒண்ணுக்கு கம்மி. அன்னிக்கு ராத்திரியே அவங்க "என்னப்பா இது, நீங்க எல்லாம் எங்க ஹால்லயே உக்காந்திருக்கற மாதிரி இருக்கு"ன்னாங்க.

சராசரி வேகம் இங்க முக்கியமில்ல, குதிக்கறதுதான் பிரச்சனை. ஒரு பாக்கெட் 3லயும் இன்னொண்ணு 118லயும் வந்தா, ஜிட்டர் பஃபர்ங்கற தேக்கத் தொட்டி 118க்கும் சேத்து தாங்கற அளவுக்கு பெருசா இருந்தாத்தான் சத்தம் விடாம வரும், அந்தத் தொட்டி பெருசாக பெருசாக லேட்டும் ஏறும். 100 எம்பிபிஎஸ்ல இருந்து 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினா சரியாகுமான்னு கேக்கறாங்க. ஆகாது, ஜாமுலஸ் ஒரு ஆளுக்கு ஒரு எம்பிபிஎஸ் கூட எடுக்காது. அந்த காச கேபிளுக்கு போடுங்க. முனை அடிச்ச கேட் 6 கேபிள் பதினஞ்சு மீட்டர் சில நூறு ரூபாதான், சென்னைனா ரிச்சி தெருல அளவு சொன்னா வெட்டி முனை அடிச்சே குடுத்துடுவாங்க. லேப்டாப்ல லேன் ஓட்டை இல்லன்னா யூஎஸ்பில மாட்டற கிகாபிட் அடாப்டர் ஆயிரம் சொச்சத்துல வரும். வாடகை வீடு, கேபிள் இழுக்க வழியில்லன்னா சாமான தூக்கிக்கிட்டு ரூட்டர் இருக்கற ரூம்ல போய் உக்காருங்க. மொபைல் டேட்டால முயற்சி பண்ண வேணாம்.

கேபிள் மாட்டியும் குறிப்பிட்ட நேரத்துல மட்டும் உடையுதுன்னா வீட்டுல யாரோ ஃபோன்ல இருந்து ஃபோட்டோ வீடியோ எல்லாம் கிளவுடுக்கு ஏத்திக்கிட்டு இருப்பாங்க, அப்லோடு பக்கம் அடைச்சா உங்க பாக்கெட் வரிசைல நிக்கும். ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க சொல்லுங்க.

ரெண்டாவது காரணம். இடைவிடாம சின்ன சின்னதா பொரியற மாதிரி, நெட்டே இல்லாம 127.0.0.1லயும் அதே மாதிரி வந்தா அது லேப்டாப் மூச்சு வாங்கறது. பவர் பிளான ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வைங்க, சார்ஜர் மாட்டுங்க, ப்ரௌசர மூடுங்க, இன்டர்ஃபேஸ யூஎஸ்பி ஹப் வழியா மாட்டாம நேரா லேப்டாப்ல மாட்டுங்க, கேபிள் மாட்டியிருந்தாலும் வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க, பல லேப்டாப்ல அந்த வைஃபை டிரைவர்தான் நடுவுல புகுந்து சத்தத்த வெட்டும். லேட்டன்சிமான்னு ஒரு சாஃப்ட்வேர் எந்த டிரைவர் நேரத்த தின்னுதுன்னு பேரோட காட்டும். இவ்வளவும் பண்ணிட்டு அப்புறம்தான் 128ல இருந்து 256க்கு போகணும். புது லேப்டாப் வாங்கணுமான்னா வேணாம், எஸ்எஸ்டி போட்ட பழைய ஐ5ல நாலு வருஷமா ஓட்டறேன்.

மூணாவது கொஞ்சம் விசித்திரமானது, தம்பிகிட்ட இருந்துச்சு, கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆச்சு. எல்லாம் சுத்தமா போகும், கிட்டத்தட்ட ஒரே இடைவெளில டப்புன்னு ஒரு சின்ன சத்தம். மிருதங்கம் வாசிக்கறப்போ தெரியாது, நிறுத்தினா கேக்கும். அவன் யூஎஸ்பி மைக் வெச்சிருந்தான், ஹெட்போன லேப்டாப் ஓட்டைல மாட்டியிருந்தான், ரெண்டையும் ஆசியோ4ஆல் சேத்து ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. மைக்குக்குள்ள ஒரு கடிகாரம், லேப்டாப் சவுண்டுக்குள்ள ஒரு கடிகாரம், ரெண்டும் 48,000னு சொன்னாலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசம் சேந்து சேந்து ஒரு பஃபர் அளவு வர்றப்போ ஒரு டப். மைக்குலயே ஹெட்போன் ஓட்டை இருந்துச்சு, அதுல மாட்ட சொன்னேன், போயிடுச்சு. உள்ள வர்றதும் வெளிய போறதும் ஒரே பொட்டில இருக்கணும், யூஎஸ்பி மைக் வாங்கறவங்க ஹெட்போன் ஓட்டை இருக்கற மாடலா பாருங்க.

பின்னாடி கர்ர்ர்னு ஒரு ஹம்

லேப்டாப் சார்ஜர கழட்டி பாட்டரில ஓட்டி பாருங்க. ஹம் போச்சுன்னா சார்ஜர், இல்ல வீட்டு எர்த். நம்ம வீடுங்கள்ல எர்த் ஒயர் பேருக்கு இழுத்து விட்டிருக்கறது நெறைய. வீணை, கிட்டார் மாதிரி கம்பி வாத்தியத்துல பிக்கப் (வாத்தியத்துலயே ஒட்டற குட்டி மைக் மாதிரி) மாட்டியிருந்தா கம்பிய விரலால தொட்டவுடனே ஹம் குறையும், விட்டவுடனே வரும், இது எர்த் சரியில்லங்கறதுக்கு ஒரு அடையாளமா இருக்கலாம். லேப்டாப், இன்டர்ஃபேஸ், சுருதி பாக்ஸ் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டுங்க, அப்பவும் இருந்தா எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த் பாக்க சொல்லுங்க. சில பேர் மூணு பின் பிளக்ல எர்த் பின்ன வெட்டி விட்டா ஹம் போயிடும்னு சொல்லுவாங்க. தயவு செஞ்சு பண்ணாதீங்க, ஷாக் அடிச்சா காப்பாத்தறது அந்த ஒரு பின்தான்.

ஹம் லேசாத்தானே இருக்குன்னு விட்டுடவும் வேணாம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட ரெட்டிப்பு 100. அஞ்சு கட்டை சுருதியோட கீழ் ஸட்ஜம் 98. அக்கா அஞ்சு கட்டைல பாடறவங்க, அவங்க காதுல தம்புராவுக்கு பக்கத்துலயே கொஞ்சம் தூக்கலா இன்னொரு ஸட்ஜம் ஓடிக்கிட்டே இருந்துச்சு, பாதி பாட்டுல "சுருதி சேர மாட்டேங்குது, தொண்டை சரியில்ல போல"ன்னு நிறுத்திடுவாங்க. தொண்டைல ஒரு குறையும் இல்ல, சார்ஜர்.

சத்தம் ரொம்ப கம்மி, இல்லன்னா தகர டப்பா மாதிரி, இல்லன்னா வெடிக்குது

ஒண்ணுமே வரலன்னா, கண்டென்சர் மைக்கா பாருங்க, இன்டர்ஃபேஸ்ல 48வினு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கணும். ஃபோனுக்குன்னு விக்கற காலர் மைக்க கன்வெர்ட்டர் பின் போட்டு இன்டர்ஃபேஸ்ல சொருகினா வேலை செய்யாது, அதோட பின் அமைப்பும் வேற, அதுக்கு வேண்டிய வோல்டேஜும் வேற.

வயலின், வீணைல ஒட்டற பீஸோ பிக்கப்ப சாதா லைன் இன்புட்ல குடுத்தா அடி சத்தம் எல்லாம் போய் கீச்சுன்னு கேக்கும், இன்ஸ்ட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதுல போட்டா சரியாகும். இருந்தாலும் என் அபிப்ராயம், வயலினுக்கு பிக்கப்ப விட ஒரு அடி தள்ளி ஒரு மைக் வெச்சா குழைவு நல்லா வரும், பக்கத்துல ஃபேன் ஓடாம இருந்தா.

மிருதங்கம்தான் இருக்கறதுலயே கஷ்டம். வலந்தலைல ஒரு சாப்பு விழுந்தா அளவு எங்கயோ போயிடும், மெதுவா வாசிக்கறப்போ வெச்ச கெயின்ல (மைக் சத்தத்த ஏத்தற அளவு) அப்போ செகப்பு லைட் எரியும். தம்பிகிட்ட "உன்னால முடிஞ்ச வரைக்கும் பலமா ஒரு தீர்மானம் வைடா"ன்னு சொல்லி, அப்பவும் செகப்பு எரியாத இடத்துல கெயின நிறுத்தி, அதுக்கப்புறம் தொடறதே இல்ல. ஒரே மைக்னா வலந்தலை பக்கமா கொஞ்சம் முன்னாடி தள்ளி வைங்க, வலந்தலைக்கு நேரா வெச்சா தொப்பி காணாம போயிடும். ரெண்டு மைக்னா ரெண்டு மைக் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வேணும், சோலோ மாதிரி மாடல்ல மைக்குக்கு ஒரே ஓட்டைதான், வாங்கறப்போவே யோசிச்சுக்குங்க. மைக் சாதாரண டைனமிக் போதும், ரெண்டாயிரம் மூவாயிரத்துல நல்லதா கிடைக்குது. பிரபலமான மாடலுக்கு டூப்ளிகேட் மார்க்கெட்ல நெறைய சுத்துது, ரொம்ப மலிவா சொன்னா நம்பாதீங்க.

தம்புரா கரைஞ்சு போகுது, கார்வை முடியறதுக்குள்ள சத்தம் அறுந்துடுது

இது ஜூம்ல கிளாஸ் எடுக்கறவங்களுக்குத்தான் அதிகம். நாய்ஸ் குறைக்கற சாஃப்ட்வேருக்கு ஒரே மாதிரி விடாம ஓடற சத்தம்னா ஃபேன், ஏசி. தம்புராவும் அதுக்கு அப்படித்தான் தெரியுது, அதனால அழிச்சிடுது. மெல்லிசா போய் அடங்கற கமகத்தையும் வெட்டிடும். ஜூம்ல ஆடியோ செட்டிங்ஸ்ல ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்னு இருக்கும், அத போட்டுட்டு எக்கோ கேன்சலேஷனையும் எடுத்துடுங்க, ஆனா அப்போ கண்டிப்பா ஹெட்போன் போடணும். இதுக்கு எந்த சாமானும் வாங்க வேண்டியதில்ல.

சுருதி பாக்ஸ ஒருத்தர் மட்டும் அனுப்பினா போதும். தம்புராவுக்கு தாளம் கிடையாது, லேட்டா வந்தாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது, நாலு பேரும் ஆளுக்கொண்ணு ஓட விட்டா மயிரிழை வித்தியாசத்துல அலை அடிக்க ஆரம்பிச்சுடும்.

சுருதியே மாறி கேக்குது

ஒரு பக்கம் 44,100, இன்னொரு பக்கம் 48,000ன்னு இருக்கு. ஒரு கட்டைல வாசிச்சது ஒன்றரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல போய் நிக்கும். ரெக்கார்ட் பண்ணி திரும்ப போட்டு கேக்கறப்போதான் இது அதிகமா வரும். எல்லாத்தையும் 48,000ல வைங்க.

கரண்ட் போச்சு, ஆளையே காணோம்

லேப்டாப்ல பாட்டரி இருக்கும், ரூட்டர்ல இருக்காது. வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தும் ரூட்டர் அணைஞ்சு எரியுதுன்னா இன்வெர்ட்டர் பின்னாடி நார்மல், யூபிஎஸ்னு ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க, நார்மல்ல இருந்தா மாறறதுக்கு எடுக்கற அந்த நொடில ரூட்டர் ரீஸ்டார்ட் ஆயிடும். இன்வெர்ட்டர் இல்லாதவங்களுக்கு ரூட்டருக்குன்னே 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் விக்குது, ஃபைபர் பொட்டி தனி ரூட்டர் தனின்னா ரெண்டுக்கும் குடுக்கணும்ங்கறத மறந்துடாதீங்க.

வெளிநாட்டுல இருக்கறவங்க கூட வாசிக்கவே முடியல

சிங்கப்பூர் சென்னைல இருந்து சுமார் 2,900 கிலோமீட்டர், வெளிச்சம் போகவே ஒரு பக்கம் 15 மில்லிசெகண்ட், அதோட வீட்டு கணக்கும் சேரும். எங்க கஞ்சிரா நண்பன் லேன் கேபிள், 64 பஃபர்னு அவன் பக்கத்துல குறைக்க முடிஞ்சதெல்லாம் குறைச்சுட்டான், விளம்ப கால பாட்டுக்கு சேந்துக்குவான், தனி ஆவர்த்தனத்துல தம்பி வாசிச்சு முடிச்சு அவன் ஆரம்பிக்கற இடம் வந்தா நாங்க எல்லாரும் கை நிறுத்திடுவோம், அவன் தனியா வாசிப்பான். அதுல அவனுக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி.

டொரண்டோல எங்க அத்தை பொண்ணு வீணை வாசிப்பா. 13,000 கிலோமீட்டருக்கு மேல, ஒரு பக்கம் 65 மில்லிசெகண்ட் வெளிச்சமே எடுத்துக்கும், நிஜத்துல அதுக்கும் மேல. அவ "இன்னும் நல்ல இன்டர்ஃபேஸ் வாங்கட்டுமா அண்ணா"ன்னு கேட்டப்போ வேணாம்மான்னு சொல்ல மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அது எந்த சாமானாலயும் தீராது.

அவளுக்காக நின்ஜாம்ங்கற பழைய சாஃப்ட்வேர எடுத்தோம், 2005ல வந்தது, ஜாம்தாபான்னு ஒரு ஆப்ல ஓடும். அது லேட்ட குறைக்க முயற்சியே பண்ணாது, ஒரு முழு சுத்துக்கு தள்ளி வெச்சிடும், நான் இப்போ வாசிக்கற சுத்து அவளுக்கு அடுத்த சுத்துல சரியா தாளத்துல கேக்கும். சுத்து எத்தனை அட்சரம்னு நாமளே வெக்கலாம், 16ன்னு வெச்சா ஆதி தாளம் ரெண்டு ஆவர்த்தனம். கீர்த்தனை இதுல ஆகாது, சாஹித்யத்துல ஆளுக்கு ஒரு வரில இருப்போம். ஆனா நம்ம சங்கீதத்துல மேற்கத்திய சங்கீதம் மாதிரி கார்டு (chord) மாறறது இல்ல, ராகம் ஒண்ணு, சுருதி ஒண்ணு, அதனால கல்பனா ஸ்வரத்துக்கு இது அருமையா பொருந்துது, நான் ஒரு சுத்து மோகனத்துல வாசிக்கறேன், அடுத்த சுத்துல அவ அத கேக்கறா, அதுக்கு அடுத்த சுத்துல பதில் வாசிக்கறா. போன வாரம் நாப்பது நிமிஷம் விடாம போச்சு, ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறது அதே பழைய இன்டர்ஃபேஸும் ஐநூறு ரூபா இயர்போனும்தான்.